ஆயுத பூஜைக்குத் துடைத்தேன், மின்ட் போட்டேன், நெட் போச்சு

கொளத்தூர்க்காரன் | 5 அக்டோபர் 2025, காலை 10:12

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஃபோனில் அடிப்பதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பது அப்பாவின் பழைய டெஸ்க்டாப். வரும் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிகிறது. இந்த மெஷினில் 11 ஏறாது. புதிது வாங்கலாம் என்றால், "ஓடுற வண்டியை ஏன்டா மாத்தணும்?" என்கிறார். சரி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். புதன்கிழமை ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றி, தூசி தட்டி, சிபியுவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டாயிற்று. பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால், மறுநாள் விஜயதசமியன்றுதான் கை வைத்தேன். போட்டது லினக்ஸ் மின்ட் 22.2, சின்னமன் பதிப்பு. அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. படம், சத்தம், பிரிண்டர் எல்லாம் தானாகவே வந்தன. நெட் மட்டும் வரவில்லை.

நெட் எங்கள் தெரு கேபிள்காரரிடம் எடுத்த ஃபைபர், 200 எம்பிபிஎஸ் திட்டம். டிவி பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் வைஃபை கிடையாது. அதிலிருந்து ஒரு லேன் கேபிள் நேராக சிபியுவுக்குப் போகிறது. விண்டோஸில் இதற்கென்று ஒரு ஐகான் இருக்கும். இரட்டைக் கிளிக், யூசர்நேம், பாஸ்வேர்ட், கனெக்ட், அவ்வளவுதான். மின்ட்டில் அப்படி எதுவும் காணோம். கீழே நெட்வொர்க் ஐகான் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. டயல் செய்யும் இடம் எங்கே ஒளிந்திருக்கிறது?

விண்டோஸே போதும் | காலை 10:19

இதுக்குத்தான் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

டெர்மினல் தம்பி | காலை 10:41

ப்ரோ, உங்களுடையது பிபிபிஓஇ இணைப்பு, அதாவது யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போகும் வகை. வயரைச் செருகியதும் தானாக ஐபி முகவரி வந்துவிடும் வகை இல்லை. அந்த ஐகான் யாருமே கொடுக்காத ஐபிக்காகக் காத்துக் காத்துச் சலித்துப்போகிறது.

ஐகானைக் கிளிக் செய்தால் வரும் மெனுவில் 'நெட்வொர்க் செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்' என்று இரண்டு இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. பாதிப் பேர் முதலாவதைத் திறந்து தேடிவிட்டு, லினக்ஸில் இந்த வசதியே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டல் குறியை அழுத்தி, வகைப் பட்டியலில் 'டிஎஸ்எல் / பிபிபிஓஇ' எடுங்கள். டிஎஸ்எல் என்று இருக்கிறதே, அது பழைய டெலிஃபோன் லைனுக்கு ஆயிற்றே என்று யோசிக்க வேண்டாம், ஃபைபருக்கும் அதுதான். 'பேரன்ட் இன்டர்ஃபேஸ்' கட்டத்தில் உங்கள் ஈதர்நெட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுங்கள். 'சர்வீஸ்' கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். அங்கே கேபிள்காரர் கம்பெனி பேரை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க அலைந்தவன் நான்.

அப்புறம் ஏற்கெனவே இருக்கும் 'வயர்டு கனெக்‌ஷன் 1'-ஐத் திறந்து, தானாக இணையும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது நடுவில் புகுந்து கார்டைப் பிடித்துக்கொண்டு தொல்லை கொடுக்கும்.

பழைய மோடம் | காலை 11:20

'டயல்' என்ற சொல்லைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை, மன்னிக்கவும்.

2006-இல் என் வீட்டில் டெலிஃபோன் லைனில் வரும் 256 கேபிபிஎஸ் ஏடிஎஸ்எல். மோடத்தில் விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். எங்கள் திட்டத்தில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை டவுன்லோட் கணக்கில் சேராது. 700 எம்பி சிடி ஒன்று அந்த வேகத்தில் இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இலவச நேரமோ சரியாக ஆறு மணி. ஒவ்வொரு முறையும் கடைசி ஐம்பது அறுபது எம்பி மறுநாள் ராத்திரிக்குத் தள்ளிப்போகும். அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைப் போட்டுவிட்டுப் படுப்பேன். உபுண்டு என்ற லினக்ஸின் சிடியை இலவசமாகவே தபாலில் அனுப்புகிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கதை இருக்கட்டும். பிபிபிஓஇ 1999-இல் வந்த ஏற்பாடு. டெலிஃபோனில் டயல் செய்த காலத்து பிபிபி-யை அப்படியே ஈதர்நெட் கேபிளில் ஏற்றிவிட்டார்கள். வயர் எப்போதும் இணைந்துதான் இருக்கிறது, ஆனாலும் பேரும் பாஸ்வேர்டும் கேட்கும். யார் உள்ளே இருக்கிறார், யார் இந்த மாதம் காசு கட்டவில்லை என்று பார்க்கக் கேபிள்காரருக்கு வசதி. லினக்ஸுக்கு இதில் ஒரு கஷ்டமும் கிடையாது. அந்தக் காலத்தில் பிபிபிஓஇகான்ஃப் என்று ஒரு கட்டளை அடித்தால் நீலத் திரையில் அதுவே கேள்வி கேட்டு முடித்துவிடும். டெபியன் என்ற லினக்ஸில் இன்னும் இருக்கிறது.

கொளத்தூர்க்காரன் | பகல் 12:05

தம்பி, அப்படியே செய்தேன். 'டிஎஸ்எல் கனெக்‌ஷன் 1' உருவாகிவிட்டது. கிளிக் செய்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'கனெக்‌ஷன் ஃபெயில்டு'. பத்து தடவையாவது பார்த்துவிட்டேன்.

டெர்மினல் தம்பி | பகல் 12:11

பாஸ்வேர்ட் தப்பாக இருக்கும். இல்லாவிட்டால் விண்டோஸ் கடைசியாகப் போட்ட லாகின் அவர்கள் சர்வரில் இன்னும் முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு கணக்குக்கு ஒரே லாகின்தான் விடுவார்கள். வெள்ளைப் பெட்டியை இருபது நிமிஷம் அணைத்து வைத்துப் பாருங்கள்.

ரவுட்டர் பிரியர் | பகல் 12:30

எதற்கு இந்தப் பாடு? ஒரு ரவுட்டர் வாங்குங்கள். யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் ரவுட்டரில் ஒரு தடவை போட்டால் முடிந்தது. லினக்ஸோ விண்டோஸோ ஃபோனோ, எல்லாம் ரவுட்டரிடம் ஐபி வாங்கிக்கொள்ளும். 2025-இல் சிபியுவிலிருந்து டயல் செய்பவர் சென்னையில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

தாம்பரம் லோக்கல் | பகல் 12:48

எனக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினை. பழைய லேப்டாப்பில் மின்ட் போட்டேன், வைஃபையே காட்டவில்லை. என்ன செய்வது?

மட்டுறுத்துனர் | பகல் 12:55

தாம்பரம் லோக்கல், இது வேறு பிரச்சினை. தனி இழை தொடங்குங்கள்.

கொளத்தூர்க்காரன் | பகல் 1:40

அரை மணி நேரம் அணைத்து வைத்தேன். மாற்றம் இல்லை. கேபிள்காரருக்கு ஃபோன் போட்டேன். "லைன் நல்லா இருக்கு, உங்க சிஸ்டம்தான் ப்ராப்ளம். லினக்ஸுக்கெல்லாம் நாங்க சப்போர்ட் கிடையாது" என்று வைத்துவிட்டார். அப்பா வேறு பின்னாலேயே நிற்கிறார்.

ஃபைபர் அக்கா | பகல் 2:22

யாரும் இனி ஊகத்தில் மருந்து கொடுக்க வேண்டாம். மெஷினே தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். நான் நெட்வொர்க் சப்போர்ட்டில் இருப்பவள். 'கனெக்ட் ஆகவில்லை' என்ற ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கொளத்தூர்த் தம்பி, கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையைத் திறந்து ஜர்னல்சிடிஎல் கட்டளையை நெட்வொர்க் மேனேஜருக்கு மட்டும் என்று குறித்து, எஃப் விருப்பத்தோடு ஓடவிடு. வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் திரையை விட்டுவிட்டு டிஎஸ்எல் இணைப்பைக் கிளிக் செய். தோற்றதும் கடைசி இரண்டு வரிகளை இங்கே எழுது.

எதற்குக் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பிபிபிஓஇ நாலு படியாகப் பேசும். முதலில் உன் மெஷின் தெருவில் கீரைக்காரம்மா கூவுவது போல, "சர்வர் யாராவது இருக்கீங்களா?" என்று கூவும். அதற்குப் பேர் பிஏடிஐ. யாரிடம் என்று முகவரி கிடையாது, வயரில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவான கூவல். அந்தப் பக்கம் சர்வர் இருந்தால், "நான் இருக்கேன், வா" என்று பிஏடிஓ அனுப்பும். பிறகு பிஏடிஆர், பிஏடிஎஸ் என்று பேசி முடித்து ஓர் எண் கொடுக்கும். பேர் என்ன, பாஸ்வேர்ட் என்ன என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். பாஸ்வேர்ட் தப்பென்றால் அந்தக் கட்டத்தில்தான் தோற்கும். அதற்கு முன்பே தோற்றால் பாஸ்வேர்டை ஆயிரம் தடவை மாற்றினாலும் பயனில்லை.

கொளத்தூர்க்காரன் | பகல் 2:50

அக்கா, இதோ. கடைசிக்கு முந்தைய வரி 'டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் பிஏடிஓ பாக்கெட்ஸ்'. அதற்குக் கீழே பிளக்-இன் இணைக்க முடியவில்லை என்பது போல ஒன்று.

ஃபைபர் அக்கா | பகல் 2:58

அப்படியானால் பாஸ்வேர்டை மறந்துவிடு. நீ கூவுகிறாய், பதில் சொல்ல ஆள் இல்லை. ஒன்று கூவல் சர்வர் வரை போகவில்லை, இல்லை சர்வரே இல்லை. தெருவில் மற்றவர்களுக்கு நெட் வருகிறதா? வந்தால் முதலாவதுதான்.

வெள்ளைப் பெட்டியின் பேர் ஓஎன்யு. அதன் முன்னால் என்னென்ன விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது, அணைகிறது என்று பார்த்து எழுது. ஃபைபர் வயரை மட்டும் தொடாதே. மடக்காதே, பிடுங்கிப் பார்க்காதே.

கொளத்தூர்க்காரன் | பகல் 3:10

எதிர்வீட்டில் வருகிறது, கேட்டுவிட்டேன். பெட்டியில் பவர் பச்சை. பான் பச்சை, விட்டுவிட்டு எரியாமல் நிலையாக இருக்கிறது. லாஸ் எரியவில்லை. லேன் 2 பச்சை, படபடவென்று அடிக்கிறது.

ஃபைபர் அக்கா | பகல் 3:13

பான் நிலையாக இருந்தால் ஃபைபர் பக்கம் சுத்தம். லாஸ் சிவப்பாக எரிந்தால்தான் வெளியே வயர் அறுந்த கதை.

லேன் 2 என்கிறாயே, எப்போதுமே அதில்தான் இருந்ததா?

கொளத்தூர்க்காரன் | பகல் 3:31

அக்கா.

ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டியையும் துடைத்தேன். எல்லா வயரையும் கழற்றித் துடைத்துவிட்டு, பின்னால் நாலு ஓட்டை இருந்ததில் கைக்கு வந்ததில் செருகினேன். நாலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது! பழைய ஃபோட்டோ ஒன்று கிடைத்தது, போன பொங்கலுக்கு எடுத்தது. அதில் வயர் லேன் 1-இல் இருக்கிறது. இப்போது மாற்றிச் செருகினேன். இந்தத் தடவை பிஏடிஓ பற்றிப் பேச்சே இல்லை. 'பிஏபி ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு' என்கிறது.

ஃபைபர் அக்கா | பகல் 3:34

தோற்றதற்குச் சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. சர்வர் பதில் சொல்லிவிட்டது. இப்போது டெர்மினல் தம்பி சொன்ன பாஸ்வேர்டைப் பார்.

நாலு ஓட்டையும் பார்க்க ஒன்றுதான், ஆனால் உள்ளே எந்த ஓட்டையை எதோடு கட்டுவது என்று ஓஎன்யுவில் எழுதி வைப்பார்கள். சின்ன ஆபரேட்டர்கள் பெரும்பாலும் லேன் 1-ஐ மட்டும் இணையத்தோடு கட்டிவிட்டு மற்றதைச் சும்மா விடுவார்கள். விளக்கு எரியும், ஆனால் கூவல் பெட்டியைத் தாண்டாது. நடுவில் நீ விண்டோஸை ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் அதிலும் வந்திருக்காது, அன்றைக்கே தெரிந்திருக்கும். துடைத்ததும் மின்ட் போட்டதும் அடுத்தடுத்த நாள் என்பதால் பழி மின்ட் மேல் விழுந்தது.

ரவுட்டர் பிரியருக்கு ஒரு வார்த்தை. ரவுட்டர் நல்ல யோசனைதான். ஆனால் அதையும் லேன் 2-இல்தான் செருகியிருப்பான்.

ரவுட்டர் பிரியர் | பகல் 3:50

ஒப்புக்கொள்கிறேன்.

கொளத்தூர்க்காரன் | மாலை 4:26

வந்துவிட்டது! இரசீதுச் சீட்டில் கையால் எழுதிய பாஸ்வேர்டில் பூஜ்ஜியம் என்று நான் படித்தது ஆங்கில ஓ. அக்கா, தம்பி, மோடம் சார், மூவருக்கும் நன்றி. அப்பா இப்போது தலைப்புச் செய்தி படித்துக்கொண்டிருக்கிறார். பூஜைக்கு வைத்த குங்குமத்தை இன்னும் துடைக்கவில்லை.

பழைய மோடம் | மாலை 5:02

நல்லது. ஒரு வேலை பாக்கி. சிபியுவே நேராக வெளியே போகிறது, நடுவில் ரவுட்டர் இல்லை. மின்ட்டில் ஃபயர்வால் நிறுவியிருக்கும், ஆனால் அணைத்த நிலையில் இருக்கும். மெனுவில் 'ஃபயர்வால்' என்று தேடி, ஸ்டேட்டஸ் பொத்தானை ஒரு தட்டு தட்டுங்கள்.

அப்புறம், உங்களுக்குக் கிடைத்த ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்குகிறதா பாருங்கள். அப்படியென்றால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உலாவ ஒரு குறையும் வராது. வீட்டு சிசிடிவியை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறந்து பார்க்க நினைத்தால் மட்டும் முடியாது.

தாம்பரம் லோக்கல் | மாலை 5:15

தனி இழை தொடங்கினேன், யாரும் பதில் போடவில்லை. வைஃபை சிப் பிராட்காம் 43142 என்று எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டுகிறது.

டெர்மினல் தம்பி | மாலை 5:40

மட்டுறுத்துனர் கோபித்துக்கொள்ளட்டும், சொல்லிவிடுகிறேன். அந்தச் சிப்புக்குத் தனியுரிமை டிரைவர் வேண்டும். அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். இதிலிருந்து தப்பிக்க வழி உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது. ஃபோனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஃபோன் அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். மின்ட் அதை ஒரு வயர் நெட்வொர்க் போலவே எடுத்துக்கொள்ளும். பிறகு மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் பிராட்காம் காட்டும், தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் தொடக்கத்தில் அனுமதிக்கும் காவல்) இயங்கும் லேப்டாப் என்றால் நடுவில் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், அதை மறக்காதீர்கள்.

கொளத்தூர்க்காரன் | 6 அக்டோபர் 2025, இரவு 9:18

மறுபடி நான்தான்.

இதுவரை அம்மா ஃபோன் மொபைல் டேட்டாவில்தான் ஓடியது. மின்ட்டில் ஹாட்ஸ்பாட் போடுவது சுலபம் என்று படித்தேன், சிபியுவில் ஒரு வைஃபை கார்டு சும்மா கிடந்தது, போட்டுவிட்டேன். ஃபயர்வால் ஹாட்ஸ்பாட்டை மறித்தது, அதற்கு வழி விட்டாயிற்று. இப்போது வினோதம் என்னவென்றால், அம்மா ஃபோனில் யூடியூப் அருமையாக ஓடுகிறது. வாட்ஸ்அப் செய்தி வருகிறது. ஆனால் பேங்க் தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேஸ் புக் செய்யும் தளமும் அப்படியே. அதே தளங்கள் சிபியுவில் உடனே திறக்கின்றன. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான் பிரச்சினை என்று 1.1.1.1, 8.8.8.8 இரண்டும் போட்டுப் பார்த்தேன். ஊஹும்.

டெர்மினல் தம்பி | இரவு 9:25

டிஎன்எஸ்தான் என்று நானும் சொல்ல வந்தேன். போட்டுப் பார்த்துவிட்டீர்களா? அப்படியானால் எனக்குத் தெரியாது.

பழைய மோடம் | இரவு 10:07

ஆகா, 1492! எத்தனை வருஷமாயிற்று இவரைப் பார்த்து.

கொளத்தூர்த் தம்பி, ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு (எம்டியு) 1500 பைட். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 6, உள்ளே பிபிபி தன் பங்குக்கு 2, ஆக 8 பைட் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1492. உங்கள் சிபியுவே டயல் செய்வதால் அதற்கு இந்தக் கணக்கு தெரியும். எந்தத் தளத்தோடு பேச ஆரம்பித்தாலும், ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 கழித்து, "எனக்கு 1452-க்கு மேல் அனுப்பாதே" என்று முதல் பொட்டலத்திலேயே சொல்லிவிடும். அம்மா ஃபோனுக்கு நடுவில் பிபிபிஓஇ இருப்பதே தெரியாது. அது வெகுளியாக, "1460 வரை அனுப்பு" என்கிறது. பேங்க் சர்வரும் முழுசாக 1500 பைட் பொட்டலம் அனுப்புகிறது, பிரிக்கக் கூடாது என்ற முத்திரையோடு. அது கேபிள்காரர் சர்வர் வரை வந்து துரைசாமி சப்வேயில் லாரி நுழையப் பார்த்தது போல நின்றுவிடுகிறது.

நிற்கிற இடத்தில் இருப்பவர், "இங்கே உயரம் பத்தாது, சின்ன வண்டியில் அனுப்பு" என்று பேங்க்குக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்கென்றே ஐசிஎம்பி செய்தி ஒன்று உண்டு. பாதுகாப்பு என்ற பெயரில் வழியில் யாரோ ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைத்திருப்பார்கள். லாரி வரவில்லை என்பதும் பேங்க்குக்குத் தெரியாது, ஏன் வரவில்லை என்பதும் தெரியாது. திரும்பத் திரும்ப அதே லாரியை அனுப்பிக்கொண்டிருக்கும். அம்மா வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

யூடியூப் ஏன் ஓடுகிறது? அது டிசிபி இல்லாமல் க்விக் என்ற வேறு முறையில் வருகிறது. அது ஆரம்பத்திலிருந்தே சின்னப் பொட்டலமாகத்தான் கட்டும். வாட்ஸ்அப் செய்தி பொட்டலத்தின் ஓரத்தில்கூட வராது.

சந்தேகம் இருந்தால் சிபியுவில் பிங் கட்டளையைப் பிரிக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு, அளவு 1464 கொடுத்து ஓட்டுங்கள், போகும். 1465 கொடுங்கள். 'மெசேஜ் டூ லாங், எம்டியு 1492' என்று உங்கள் மெஷினே கையை விரிக்கும். 1464-உடன் 28 தலைப்பு சேர்ந்தால் 1492.

கொளத்தூர்க்காரன் | இரவு 10:31

சார், ஒரு பைட்டில் இப்படியா! 1464 போகிறது, 1465-இல் அச்சு அசல் நீங்கள் சொன்ன வரி. இதற்கு மருந்து?

ஃபைபர் அக்கா | இரவு 10:44

ஃபோன் "1460" என்று சொல்லிக்கொண்டு உன் சிபியுவைக் கடக்கும்போது, அந்த எண்ணைச் சிபியுவே 1452 என்று திருத்தி அனுப்பிவிட வேண்டும். லினக்ஸில் பொட்டலங்களுக்கு விதி போடும் ஐபிடேபிள்ஸில் ஒரே விதி. மாங்கிள் அட்டவணை, ஃபார்வர்ட் சங்கிலி, எஸ்ஒய்என் கொடி உள்ள டிசிபி பொட்டலங்களுக்கு டிசிபிஎம்எஸ்எஸ் இலக்கு, அதில் பிஎம்டியு (வழியில் போகக்கூடிய உச்சப் பொட்டல அளவு) அளவுக்குக் கிளாம்ப் செய்யும், அதாவது குறைத்துப் பிடிக்கும் விருப்பம். எண்ணை நீ எழுத வேண்டாம், அதுவே கணக்குப் போடும். முழு வரியைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

மெஷினை அணைத்தால் விதி போய்விடும். நெட்வொர்க் மேனேஜரின் டிஸ்பாட்சர் கோப்புறையில் சின்ன ஸ்கிரிப்டாக வைத்துவிட்டால், பிபிபி0 எழும்போதெல்லாம் தானாக ஓடும். கோப்பு ரூட் உரிமையில் இருக்க வேண்டும், இயக்க அனுமதி வேண்டும். இரண்டில் ஒன்று விட்டாலும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

மோடம் சார் சொன்ன பிபிபிஓஇகான்ஃப் இருக்கிறதே, அது இதைத் தன் கேள்விகளில் ஒன்றாகவே கேட்கும், 1452 போடட்டுமா என்று. நாம் எல்லோரும் அர்த்தம் தெரியாமல் 'யெஸ்' அழுத்தியவர்கள்தான்.

ரவுட்டர் பிரியர் | இரவு 10:50

இந்த வேலையை ரவுட்டர் தானாகவே செய்யும் என்பதை மட்டும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஃபைபர் அக்கா | இரவு 10:53

இந்தத் தடவை உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டில் நாலு ஃபோன் இருந்தால் ரவுட்டர்தான் சரி. அப்பா சிபியுவை அணைத்ததும் அம்மாவுக்கு நெட் போய்விடுமே.

கொளத்தூர்க்காரன் | 7 அக்டோபர் 2025, காலை 7:40

விதி போட்டேன், பேங்க் திறந்தது. அக்கா கடைசியில் சொன்னது நேற்று ராத்திரியே நடந்துவிட்டது. பதினொன்றரைக்கு அப்பா அணைத்துவிட்டுப் படுக்கப் போனார், அம்மா சீரியல் பாதியில் நின்றது. தீபாவளிக்கு ரவுட்டர் வாங்குகிறோம்.

சும்மா படிப்பவன் | காலை 9:15

வேளச்சேரியிலிருந்து. எங்கள் வீட்டில் பிபிபிஓஇ இல்லை, பிரவுசரில் ஒரு லாகின் பக்கம் வரும். உபுண்டுவில் அது வராமல் நானும் ஒரு வாரம் தவித்தேன். எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்டிடிபிஎஸ் என்பதால் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியாமல் பிரவுசர் எச்சரிக்கை காட்டிவிடுகிறது. எஸ் இல்லாத பழைய எச்டிடிபி தளம் ஏதாவது ஒன்றைத் திறந்தால் உடனே வந்துவிடும். யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

கொளத்தூர்க்காரன் | 8 அக்டோபர் 2025, இரவு 8:55

கடைசிக் கேள்வி, சத்தியமாக. நெட் வேகம் பார்த்தேன். காலை, மதியம், நடுராத்திரி எப்போது பார்த்தாலும் 93, 94. திட்டம் 200. மின்ட்டில் ஏதாவது அமைக்க வேண்டுமா?

ஃபைபர் அக்கா | இரவு 9:02

நெரிசல் என்றால் நேரத்துக்கு நேரம் மாறும். எப்போதும் 94 என்றால் நூறு எம்பிபிஎஸ் இணைப்பில் தலைப்புகள் போக மிஞ்சும் எண் அது. எங்கேயோ நூறுக்கு மேல் போகாத ஒரு கண்ணி இருக்கிறது. ஈத்டூல் கட்டளையை உன் கார்டு பெயரோடு ஓட்டு, 'ஸ்பீட்' வரியைப் பார். பெட்டியில் லேன் 1-க்குப் பக்கத்தில் ஜிஇ என்றிருக்கிறதா, எஃப்இ என்றிருக்கிறதா? எஃப்இ என்றால் அந்த ஓட்டையே நூறுதான், விட்டுவிடு.

கொளத்தூர்க்காரன் | இரவு 9:20

ஸ்பீட் 100. ஆனால் ஓட்டை ஜிஇ. இன்னொன்று, டிமெசேஜ் கட்டளையில் கெர்னலின் பதிவேட்டைப் பார்க்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. 1 ஜிபிபிஎஸ் என்று ஒப்புக்கொண்டு 100-க்கு இறங்கிவிட்டது, 'செக் கேபிளிங்' என்று ஆச்சரியக்குறியோடு.

பழைய மோடம் | இரவு 9:33

கெர்னலே கையைப் பிடித்துக் காட்டுகிறது. கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பிளக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். உள்ளே எத்தனை கம்பி தெரிகிறது?

கொளத்தூர்க்காரன் | இரவு 9:41

நாலு. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. நீலமும் பழுப்பும் உறைக்கு வெளியே மடித்து வெட்டப்பட்டிருக்கின்றன. மறு முனையும் அப்படியே.

பழைய மோடம் | இரவு 9:50

நூறுக்கு நாலு கம்பி போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். கிரிம்ப் செய்த ஆள், அதாவது கம்பிகளைப் பிளக்கில் அழுத்திப் பொருத்தியவர், அவசரத்தில் இருந்திருக்கிறார். விண்டோஸிலும் இதே 94-தான் வந்திருக்கும், நீங்கள் அளந்து பார்க்கவில்லை.

கொளத்தூர்க்காரன் | இரவு 9:54

மூன்று வருஷமாக 200-க்குக் காசு கட்டுகிறோம் சார்.

டெர்மினல் தம்பி | இரவு 10:01

ப்ரோ, ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்று மீட்டர் கேட் 6 கேபிள் ரெடிமேடாகவே கிடைக்கும். கிரிம்ப் செய்யும் வேலையே இல்லை.

கொளத்தூர்க்காரன் | 11 அக்டோபர் 2025, மாலை 6:15

ரிச்சி ஸ்ட்ரீட் போகவில்லை. கேபிள்காரரிடம் சொன்னதும் லைன் பார்க்கிற பையனை அனுப்பினார். இருபது வயதுகூட இருக்காது. நாலு கம்பியைக் காட்டினேன். "மிச்ச நாலும் லேண்ட்லைனுக்குன்னு சொல்லிக் கொடுத்தாங்கண்ணா" என்றான். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. எட்டையும் போடச் சொன்னேன், அவனுக்கு வரிசை தெரியவில்லை. நான் ஃபோனைப் பார்த்துப் படிக்கப் படிக்க அவன் ஒவ்வொன்றாக நீவி அடுக்கினான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முதல் தடவை பச்சையும் நீலமும் இடம் மாறி விளக்கே எரியவில்லை. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி அடுக்கினோம். ஈத்டூல் இப்போது 1000 என்கிறது. வேகம் 196.

போகும்போது அந்த வண்ண வரிசையைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போனான். "இந்தத் தெருவில எல்லாமே நான் அடிச்சதுதான்ணா" என்றான்.

மட்டுறுத்துனர் | மாலை 6:40

தலைப்பில் 'தீர்ந்தது' சேர்த்துவிட்டேன்.

தாம்பரம் லோக்கல் | மாலை 6:52

எனக்கு இன்னும் தீரவில்லை. டெதரிங் வேலை செய்தது, டிரைவர் இறங்கியது, பாஸ்வேர்ட் கேட்டது, வைத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலத் திரை வந்தது. பயந்துபோய் 'கன்டினியூ பூட்' அழுத்திவிட்டேன்.

டெர்மினல் தம்பி | மாலை 6:58

அந்தத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' எடுத்து, நீங்கள் வைத்த பாஸ்வேர்டைக் கொடுத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் கோரிக்கை போய்விடும். டிரைவர் மேனேஜரில் பிராட்காமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், திரும்பப் பாஸ்வேர்ட் கேட்கிறதா பாருங்கள். கேட்காவிட்டால் 'மோக்யூட்டில்' என்ற கட்டளையில் இம்போர்ட் போட வேண்டியிருக்கும், எந்தக் கோப்பு என்று சொல்கிறேன். நீலத் திரை வந்தால் பயப்படாதீர்கள், பத்து விநாடிதான் காத்திருக்கும், அதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கள்.